சாயக்காரரிடம் பாடம் கேட்ட பாதிரியார்

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது புளியஞ்சோலை. அங்கே ஐயாறு சலசலத்து ஓடுகிறது. மேலே மலைக்காட்டில் கடுக்காய் மரங்கள் உண்டு.

கடுக்காய் மருந்துக்கு ஆகும். இது எல்லோருக்கும் தெரியும். துணிக்குச் சாயம் ஏற்றவும் அதுதான் முதல் சரக்கு!

அந்தச் சாயத் தொழிலை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் நம்மவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றார். அவர் பெயர் கேர்தூ.

பிரான்சில் தடை

கேர்தூ 1691-ல் பிரான்சு நாட்டில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்தார். 1732-ல் இந்தியாவுக்கு வந்தார்.

அப்போது சோழமண்டலக் கரையிலிருந்து சீட்டித் துணிகள் கப்பலேறின. பூவும் கொடியும் வரைந்த துணிகள். எத்தனை தடவை வெளுத்தாலும் சாயம் போகாது. ஐரோப்பியப் பெண்கள் அவற்றுக்கு ஆசைப்பட்டார்கள்.

உள்ளூர் நெசவு கெட்டுவிடும் என்று பயந்து, பிரெஞ்சு அரசு 1686-ல் இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. ஆசை விட்டதா? இல்லை. ஒளித்து விற்றார்கள், ஒளித்து உடுத்தினார்கள்.

சாயம் ஏன் போகவில்லை? அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

ரகசியம் வெளியாயிற்று

கேர்தூவின் சபையில் சேர்ந்தவர்களில் சிலர் சாயத் தொழில் தெரிந்தவர்கள். அவர்களைப் பாதிரியார் தனித்தனியே விசாரித்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒத்துப் பார்த்தார். 1742 ஜனவரி 18-ம் தேதி எல்லாவற்றையும் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். அது புத்தகத்திலும் அச்சாயிற்று.

அந்த முறை என்ன?

துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைக்க வேண்டும். படம் வரைந்த காகிதத்தில் ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்துக் கரிப்பொடி தட்டினால் கோடு விழும். இரும்பு ஊறிய நீரால் வரைந்தால் கறுப்பு. படிகாரம் தடவி, சாயவேர் போட்டுக் காய்ச்சினால் சிவப்பு.

நீலம்தான் கஷ்டம். துணியை அவுரிச் சாயத் தொட்டியில் முக்க வேண்டும். முக்கினால் முழுவதும் நீலமாகிவிடுமே! அதனால் நீலம் வேண்டாத இடத்தில் எல்லாம் மெழுகு பூசினார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் போட்டால் மெழுகு உருகிப் போய்விடும்.

ஜப்பானியருக்கும் இந்தத் தந்திரம் தெரியும். பூ வெட்டிய காகிதத்தைத் துணிமேல் வைத்து, அரிசிப் பசையைத் தேய்ப்பார்கள். பசை பட்ட இடம் வெள்ளையாக நிற்கும். நம் கரைத் துணிகள் டச்சுக் கப்பலில் அங்கேயும் போயின. அவற்றைச் சரசா என்று அழைத்தார்கள். அதுபோலவே தாங்களும் செய்தார்கள்.

பெயர் யாருக்கு?

1759-ல் பிரான்சில் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே ழூயி என்ற ஊரில் பெரிய சாயப்பட்டறை எழுந்தது. பின்னால் இயந்திரம் வந்தது. சீமைத் துணி மலிவாக வந்து குவிந்தது. நம் சாயக்காரர் பிழைப்புப் போயிற்று.

ஒரு கடிதம் மட்டுமா இதற்குக் காரணம்? அப்படிச் சொல்ல முடியாது. வேறு பலரும் எழுதினார்கள். ஆனால் கற்றவர் பெயர் நிலைத்தது. கற்பித்தவர்களை உலகம் மறந்தது.

கேர்தூவுக்கும் ஒருநாள் இதே கதி வந்தது! வடமொழிக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று 1767-ல் அவர் பாரிசுக்கு எழுதினார். அது 1808-ல்தான் அச்சாயிற்று. அதற்குள், 1786-ல் அதையே சொன்ன வில்லியம் ஜோன்சுக்குப் புகழ் போய்விட்டது. கேர்தூ 1779-லேயே புதுச்சேரியில் இறந்துபோயிருந்தார்.

தொழில் மட்டும் சாகவில்லை. கருப்பூர்க் கலங்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடுக்காயும் பாலும் இன்றும் அந்தத் துணியில் சேருகின்றன. கற்றுக்கொடுத்த அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கு அதுவே நினைவுச் சின்னம்.