ரோலக்ஸுக்கு மட்டும் ஏன் இத்தனை டூப்ளிகேட்? டயலில் இருக்கும் பெயருக்காகவே வாழ்ந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் யார்?

கல்யாண வீட்டில் ஒருத்தர் கையில் ரோலக்ஸ் மின்னினால், பக்கத்தில் இருப்பவருக்கு வரும் முதல் சந்தேகம் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா என்பதுதான். நூம்பலோ பூந்தமல்லியோ, தெருமுனை வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பின்மூடியைத் திறக்கும்வரை பதில் கிடைக்காது. சில நேரம் திறந்த பிறகும் கிடைக்காது.

காரணம், பழைய ரோலக்ஸ் மாடல்களை அப்படியே செய்வது இன்று உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கேஸ் ஓர் இடத்தில், டயல் ஓர் இடத்தில், முள் வேறு இடத்தில் என வாங்கிச் சேர்த்து, உள்ளே ஜப்பான் மெஷினைப் பொருத்தி, 60 வருடப் பழசு போலத் தெரிய டயல் புள்ளிகளில் மஞ்சள் சாயம்கூட ஏற்றுகிறார்கள். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.77 கோடி டாலருக்குப் போனது. அதன் பிறகு பழைய வாட்ச் மீதான வெறி இன்னும் கூடியது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரோலக்ஸை உருவாக்கியவரும் ஆரம்பத்தில் மற்றவர்கள் செய்த பாகங்களைச் சேர்த்துத்தான் வாட்ச் விற்றார்!

யார் இந்த வில்ஸ்டார்ஃப்?

ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1881 மார்ச் 22-ல் ஜெர்மனியின் பவேரியா பகுதியில் உள்ள குல்ம்பாக் ஊரில் பிறந்தவர். 12 வயதில் அப்பா, அம்மா இருவருமே இல்லை. மாமன், சித்தப்பாமார் குடும்பத் தொழிலை விற்றுவிட்டு, பையனை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கணக்கும் மொழிகளும் நன்றாக வந்தன. 1900 வாக்கில் சுவிட்சர்லாந்தில் ஒரு வாட்ச் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதும் கிளார்க் வேலை. அங்கே அவருடைய தினசரி வேலைகளில் ஒன்று, நூற்றுக்கணக்கான வாட்ச்களுக்குச் சாவி கொடுத்து, நேரம் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பது. வாட்ச் செய்ய அவர் கற்கவில்லை. நல்ல வாட்ச் எது, கெட்ட வாட்ச் எது என்று பார்க்கக் கற்றுக்கொண்டார்.

1903-ல் லண்டன். 1905-ல் ஆல்ஃபிரட் டேவிஸுடன் சேர்ந்து வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் என்ற கம்பெனி. உள்ளே ஓடும் மெஷின், சுவிட்சர்லாந்தின் பியன் ஊரில் இருந்த ஏக்லர் கம்பெனி செய்தது. கேஸும் வெளியே வாங்கியதுதான். டயலில்? விற்கும் கடைக்காரர் பெயர்! அன்றைய இங்கிலாந்தில் அதுதான் வழக்கம். வாட்சை யார் அனுப்பினார்கள் என்று வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது.

இது வில்ஸ்டார்ஃபை உறுத்தியது. எந்த மொழிக்காரரும் சுலபமாகச் சொல்லக்கூடிய, சின்ன டயலில் அடங்கக்கூடிய ஒரு பெயரைத் தேடினார். 1908-ல் ரோலக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். கடைக்காரர்கள் லேசில் விடவில்லை. முதலில் 6 வாட்சுக்கு ஒன்றில் மட்டும் ரோலக்ஸ் என்று போட்டு அனுப்பிப் பார்த்தார். பிறகு மெல்ல மெல்ல எண்ணிக்கையைக் கூட்டினார். எல்லா வாட்சிலும் அந்தப் பெயர் வர ஏறக்குறைய 20 வருடம் ஆனது.

பெயருக்குப் பின்னால் என்ன இருந்தது?

சோதனை. அவ்வளவுதான்.

அப்போது ஆண்கள் பாக்கெட் வாட்ச்தான் வைத்திருப்பார்கள். கைக்கடிகாரம் பெண்களின் நகை மாதிரி; அவ்வளவு சின்ன மெஷின் சரியான நேரம் காட்டாது என்பது எல்லோருடைய எண்ணம். வில்ஸ்டார்ஃப் வாதம் செய்துகொண்டிருக்கவில்லை, வாட்சைப் பரீட்சைக்கு அனுப்பினார். 1910-ல் பியனில் முதல் சான்றிதழ். 1914 ஜூலை 15-ல் இங்கிலாந்தின் க்யூ ஆய்வகம் ரோலக்ஸ் கைக்கடிகாரத்துக்கு ஏ பிரிவுச் சான்று கொடுத்தது. கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடப் பயன்படும் பெரிய கடிகாரங்கள் வாங்கும் சான்று அது. 5 நிலைகளில், 3 வெப்பநிலைகளில், 45 நாள் சோதனை. 3 வாரத்துக்குள் உலகப் போர் தொடங்கியது. பதுங்குகுழிகளில் சிப்பாய்கள் மணிக்கட்டில் வாட்ச் கட்ட ஆரம்பித்தார்கள். 1915-ல் பிரிட்டன் இறக்குமதி வரியைச் சுமார் 33 சதவீதம் ஆக்கியதும், அவர் மெதுவாகக் கடையை ஜெனீவாவுக்கு மாற்றிக்கொண்டார்.

1926-ல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் வந்தது. அதன் திருகு சாவிக்கான யோசனைகூட அவருடையது அல்ல. இரண்டு சுவிஸ் ஆட்களிடமிருந்து காப்புரிமையை விலைக்கு வாங்கினார். ஆனால் அதை உலகுக்குக் காட்டிய விதம் அவருடையது.

1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ என்ற இளம்பெண் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். சில நாளில் இன்னொரு பெண் அதைவிட வேகமாகக் கடந்ததாகச் சொன்னார். அது பொய்! ஆனால் அந்தப் பொய்யால் கிளைட்ஸ மீதும் சந்தேகம் விழுந்தது. தன் சாதனை உண்மை என்று காட்ட அக்டோபர் 21-ல் அவர் மறுபடி கடலில் இறங்கினார். வில்ஸ்டார்ஃப் கொடுத்த ஆய்ஸ்டர் அவர் கழுத்தில் தொங்கியது. 10 மணி நேரத்துக்கு மேல் உறையும் குளிரில் நீந்தியும் அந்த முறை கரை சேர முடியவில்லை. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கம் முழுக்க ரோலக்ஸ் விளம்பரம்.

அவரே செய்த மலிவு ரோலக்ஸ்

விலை குறைவாக வேண்டும் என்று கேட்பவர்களை என்ன செய்வது? இந்தக் கேள்வி அவருக்கும் வந்தது. 1926-ல் டியூடர் என்ற பெயர் அவருக்காகப் பதிவானது. 1946-ல் தனிக் கம்பெனி ஆனது. ரோலக்ஸ் மாதிரியே கேஸ், ரோலக்ஸ் சாவி. உள்ளே வெளியில் வாங்கிய மலிவான மெஷின். பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் டயலில் டியூடர் என்றுதான் இருந்தது, ரோலக்ஸ் என்று போடவில்லை. இன்றைய டூப்ளிகேட் விவகாரத்தின் முடிச்சே இதுதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் பலரின் வாட்ச் பறிபோனது. அவர்கள் முகாமிலிருந்தே கடிதம் போட்டால் ரோலக்ஸ் வரும்; காசை போர் முடிந்து கொடுத்தால் போதும் என்று வில்ஸ்டார்ஃப் சொல்லிவிட்டார். அவரோ ஜெர்மனியில் பிறந்தவர். போரில் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத நேரம் அது.

நம் ஊர் நிலவரம்

இந்தியாவிலிருந்து போகும் பழைய வாட்ச்களில் சிலவற்றுக்கு வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் மும்பை ஸ்பெஷல். டயலுக்குப் புது பெயின்ட், ஒன்றின் கேஸ், மற்றொன்றின் மெஷின் என்று ஒட்டுப்போட்டவை. ஓடும், ஆனால் சேகரிப்பவர் மதிப்பு தரமாட்டார். புத்தம் புது மாதிரி பளபளக்கும் டயலோடு 50 வருட வாட்ச் வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியதுதான்.

பழைய மாடலின் சாயலில், டயலில் தன் சொந்தப் பெயரோடு வருவதை ஹோமேஜ் என்கிறார்கள். கடைகளில் வெளிப்படையாகவே கிடைக்கிறது. அதே வாட்சில் அடுத்தவர் பெயரை அச்சடித்தாலோ, அப்படி அச்சடித்ததை விற்றாலோ, 1999-ம் வருட வர்த்தக முத்திரைச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

மனைவி ஃப்ளோரன்ஸ் 1944-ல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அடுத்த வருடம் தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, கம்பெனியில் தனக்கிருந்த பங்கை அதனிடம் ஒப்படைத்தார் வில்ஸ்டார்ஃப். 1960 ஜூலை 6-ல் ஜெனீவாவில் காலமானார். ரோலக்ஸ் இன்றும் அந்த அறக்கட்டளையின் சொத்து. பங்குச் சந்தையில் தேடினால் கிடைக்காது.