சோதனையை நம்பிய டேவி

எலுமிச்சைச் சாறு நாவில் புளிப்பதற்கு அதிலுள்ள அமிலமே காரணம். அமிலத்திற்கு அந்தத் தன்மையைத் தருவது எது? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கேள்விக்குப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட விடை ஒன்று இருந்தது. பிரான்ஸ் நாட்டு வேதியியல் அறிஞர் லவாய்சியர், எல்லா அமிலங்களிலும் ஒரு குறிப்பிட்ட வாயு இருப்பதாகக் கருதினார். அதனால், அமிலத்தை உண்டாக்குவது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். பொருள்கள் எரிவது எப்படி என்று உலகிற்கு விளக்கியவர் அவர். அத்தகைய பேரறிஞரின் கருத்தைச் சோதனையால் மாற்றிக் காட்டியவர், பல்கலைக்கழகத்தில் பயிலாத ஓர் இளைஞர். அவர்தாம் ஹம்ப்ரி டேவி.

டேவி 1778ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள பென்சான்ஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். அவர் தந்தை மரச்சிற்ப வேலை செய்தவர். ஐந்து பிள்ளைகளில் டேவியே மூத்தவர். 1794இல் தந்தை கடன்களை விட்டுவிட்டு இறந்தார். குடும்பத்தைத் தாங்க வேண்டிய கட்டாயத்தால், அடுத்த ஆண்டு உள்ளூர் மருத்துவர் ஒருவரிடம் டேவி தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அங்கே மருந்து கலக்கும் வேலை அவருக்கு வேதியியல் மீது ஆர்வத்தை ஊட்டியது. பத்தொன்பது வயதில் லவாய்சியரின் வேதியியல் நூலைப் படித்தார். படித்ததோடு நிற்காமல், கையில் கிடைத்த பாத்திரங்களைக் கொண்டே சோதனைகளைச் செய்து பார்த்தார்.

1798இல் பிரிஸ்டல் நகரில், வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முயன்ற ஆய்வு நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே வெப்பத்தையும் ஒளியையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். போதிய சான்று இல்லாமல் ஆக்சிஜனில் ஒளி கலந்திருப்பதாக அதில் எழுதியதால் கடுமையான குறைகூறலுக்கு ஆளானார். அவசரப்பட்டுவிட்டதை எண்ணி அவர் வருந்தினார். கற்பனை எவ்வளவு அழகாக இருந்தாலும், சோதனை அதை உறுதிப்படுத்த வேண்டும் என்ற பாடத்தை இளம் வயதிலேயே கற்றுக்கொண்டார்.

1801இல் லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரை அழைத்துக்கொண்டது. அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்க மக்கள் திரண்டனர். இத்தாலிய அறிஞர் வோல்ட்டா உருவாக்கிய மின்கலம் அப்போதுதான் அறிமுகமாகியிருந்தது. மின்சாரம் நீரை இரண்டு வாயுக்களாகப் பிரிக்கிறது என்றால், மற்றப் பொருள்களையும் பிரிக்க முடியாதா என்று டேவி சிந்தித்தார்.

மரச்சாம்பலிலிருந்து கிடைக்கும் பொட்டாஷ், சவர்க்காரம் செய்யப் பயன்பட்ட ஒரு காரம். அதை அதுவரை எவராலும் பிரிக்க முடியவில்லை. டேவி அதை நீரில் கரைத்து மின்சாரத்தைச் செலுத்தியபோது நீர்தான் பிரிந்தது. உலர்ந்த பொட்டாஷோ மின்சாரத்தைக் கடத்தவே இல்லை. மனம் தளராத அவர், 1807ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு வழியைக் கண்டார். திடமான பொட்டாஷைச் சிறிது நேரம் காற்றில் வைத்து, மேற்பரப்பில் மட்டும் ஈரம் படியச் செய்து, வலிமையான மின்கல அடுக்குடன் இணைத்தார். பொட்டாஷ் உருகியது. எதிர்மின்முனையில் பாதரசம் போல் மின்னும் சிறு உருண்டைகள் தோன்றின. சில உருண்டைகள் சுடர்விட்டு எரிந்தன. டேவி மகிழ்ச்சியில் ஆய்வுக்கூடத்தில் துள்ளி ஆடினார். அந்தப் புதிய உலோகமே பொட்டாசியம். சில நாள்களில் சோடியத்தையும் பிரித்தெடுத்தார்.

எலக்ட்ரான் என்ற துகளை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. எதிர்மின்முனையில் பொட்டாசியம் அயனிகள் எலக்ட்ரான்களைப் பெறுகின்றன, இது ஒடுக்கம். நேர்மின்முனையில் எலக்ட்ரான்கள் இழக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியேறுகிறது, இது ஆக்சிஜனேற்றம். இன்று மாணவர்கள் இப்படிப் படிக்கும் வினையைத்தான் டேவி தம் கண்ணெதிரே கண்டார்.

அச்சோதனை ஒரு வியப்பையும் வெளிப்படுத்தியது. அமிலத்தை உண்டாக்குவதாகப் பெயர் பெற்ற ஆக்சிஜன், அமிலத்திற்கு நேர்மாறான காரத்தில் இருந்தது! அப்படியானால், ஆக்சிஜன் இல்லாத அமிலமும் இருக்கக்கூடும் அல்லவா?

டேவியின் கவனம் உப்பிலிருந்து செய்யப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பக்கம் திரும்பியது. அதிலிருந்து கிடைக்கும் மஞ்சள் பச்சை வாயுவில் ஆக்சிஜன் இருப்பதாக அறிஞர்கள் நம்பினர். டேவி அந்த வாயுவில் கரியை வெண்ணிறமாக ஒளிரும்வரை சூடாக்கினார். ஆக்சிஜன் இருந்திருந்தால் அது கரியுடன் சேர்ந்து கரியமில வாயு உண்டாகியிருக்க வேண்டும். அவ்வாறு எதுவும் உண்டாகவில்லை. 1810இல் அந்த வாயு ஒரு தனிமம் என அறிவித்து, அதன் நிறத்தைக் குறிக்கும் வகையில் குளோரின் எனப் பெயரிட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருந்தவை ஹைட்ரஜனும் குளோரினும் மட்டுமே. சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ் போன்றோர் இதை ஏற்கப் பல ஆண்டுகள் தயங்கினர். ஆயினும், சான்று டேவியின் பக்கமே இருந்தது.

1812இல் ஒரு வெடிப்பு அவருடைய கண்ணைக் காயப்படுத்தியது. அப்போது எழுத்து வேலைக்கு உதவியவர் மைக்கேல் ஃபாரடே. புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்த அவரை, அடுத்த ஆண்டு டேவி தம் உதவியாளராக்கினார். 1815இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். அதற்குக் காப்புரிமை பெற்றுப் பணம் சேர்க்க அவர் விரும்பவில்லை.

டேவி குறையே இல்லாதவர் அல்லர். ஃபாரடே ராயல் சொசைட்டியின் உறுப்பினராவதை 1824இல் அவரே எதிர்த்தார். அதே காலத்தில் ஒரு தோல்வியையும் சந்தித்தார். கடற்படைக் கப்பல்களின் அடிப்புறச் செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிக்கப்பட்டன. துத்தநாகத்தையோ இரும்பையோ செம்புடன் இணைத்தால், அவையே முதலில் ஆக்சிஜனேற்றமடைந்து செம்பைக் காக்கும் என்றார் டேவி. செம்பு அரிக்கப்படவில்லை. ஆனால், கரைந்த செம்பின் நச்சு இல்லாமற்போனதால் பாசியும் சிப்பிகளும் தகடுகளில் ஒட்டிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. கடற்படை அம்முறையைக் கைவிட்டது. ஆனாலும் அவர் கண்ட தத்துவம் பொய்க்கவில்லை. இன்று எஃகுக் கப்பல்களையும் நிலத்தடிக் குழாய்களையும் துருவிலிருந்து காக்க அதுவே பயன்படுகிறது.

நோயுற்ற டேவி, 1829ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் ஜெனீவா நகரில் ஐம்பதாம் வயதில் காலமானார். அமிலத்தன்மைக்கும் ஹைட்ரஜனுக்கும் உள்ள தொடர்பைப் பின்வந்த அறிஞர்கள் தெளிவாக்கினர். 1909இல் டென்மார்க் அறிஞர் சோரன்சன், ஹைட்ரஜன் அயனிகளின் செறிவை அடிப்படையாகக் கொண்டு பிஎச் அளவீட்டை வகுத்தார். ஆக்சிஜன் என்ற பெயர் மட்டும் மாறாமல் நிலைத்துவிட்டது. பெயர் சொல்வதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்த்த ஒருவரை அது இன்றும் நினைவூட்டுகிறது.