காதலும் வஞ்சமும் திரையேறிய கதை: டி.ஆர். சுந்தரம்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையை நோக்கி ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறது. அதன் பின்னிருந்த படப்பிடிப்பு நிலையம் மறைந்துவிட்டது. அதனை உருவாக்கியவரின் பெயர் மறையவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி.ஆர். சுந்தரம், தமிழ் இலக்கியச் செல்வத்தை எழுத்தறியாதார்க்கும் எட்டச் செய்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

1907ஆம் ஆண்டு திருச்செங்கோட்டில் பிறந்த சுந்தரம், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அந்நகரம் அமைந்த யார்க்சயர் பகுதியின் காற்று அலைக்கும் மேட்டுநிலங்களையே களமாகக் கொண்டது, எமிலி பிராண்டியின் 'வுதரிங் ஹைட்ஸ்' புதினம். 1847இல் வெளிவந்த அப்புதினம், கைகூடாக் காதல் தீராப் பழியுணர்வாகத் திரிவதைக் காட்டியது. காதலுக்கும் பழிக்கும் இடையிலுள்ள அந்த மெல்லிய எல்லையைத் தமிழ்க் காப்பியம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டிருந்தது. அதனைத் திரையில் ஏற்றும் பேறு, லீட்சிலிருந்து திரும்பிய இந்த நெசவியல் மாணவருக்கு வாய்த்தது.

ஊர் திரும்பிய சுந்தரம் நெசவை விடுத்துத் திரைத்துறையில் புகுந்தார். 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தோன்றியது. 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கேயே உருவானது. பெ. சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகம் 1942இல் 'மனோன்மணி'யாகவும், பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950இல் 'பொன்முடி'யாகவும் திரைவடிவம் பெற்றன. காலந்தவறாமையும் கண்டிப்பும் அவருடைய இயல்புகள். தொழிற்சாலையின் ஒழுங்கினைக் கலைக்கூடத்துக்குக் கொணர்ந்தவர் எனலாம்.

ஆயினும் அவர் பெயரை இலக்கிய அன்பர்கள் மறவாதிருக்கக் காரணம் 1950இல் வந்த 'மந்திரி குமாரி'. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கிய அப்படத்துக்கு மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். அதன் வேர் குண்டலகேசியில் உள்ளது. நாதகுத்தனார் இயற்றிய அப்பௌத்த காப்பியத்தில் இன்று எஞ்சியவை பத்தொன்பது பாடல்களே. கதையோ பிற நூல்களின் வழியாக உயிர் பிழைத்தது. கொலைத் தண்டனைக்குரிய கள்வனைக் காதலித்து மணக்கிறாள் வணிகன் மகள். ஊடலில் அவள் விளையாட்டாய்ச் சொன்ன ஒரு சொல்லை மனத்தில் வைத்து, அவளைக் கொல்லவே மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான் அவன். இறக்குமுன் வலம்வந்து வணங்க வேண்டுமென்று கூறி, அவள் அவனைக் கீழே தள்ளுகிறாள். பின்னர்த் துறவு பூண்டு பௌத்த நெறி பரப்புகிறாள்.

திரைப்படமோ காரணத்தை மாற்றியது. இளவரசிமேல் கொண்ட வேட்கையால் கணவன் மனைவியைக் கொல்லத் துணிகிறான். சொல்லினால் பிறந்த சினம் காப்பியத்தில்; பேராசையால் பிறந்த வஞ்சம் திரையில். ஆனால் மலையுச்சியும், வலம்வருதலும், காதலித்த கைகளே தண்டிக்கும் கைகளாவதும் மாறவில்லை. அக்காட்சியில் பெண்ணின் செயல் பழியா, தற்காப்பா என்னும் வினாவுக்குக் காப்பியம் அறத்தின் வழியே விடை தேடியது. படம் அதனைப் பார்வையாளர் மனத்திடம் ஒப்படைத்தது. புலவர்களுக்குள் மட்டும் வாழ்ந்த கதை, கொட்டகைகளில் மண்தரையில் அமர்ந்திருந்தோரின் கதையாயிற்று.

1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வாயிலாகத் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படத்தையும் சுந்தரம் அளித்தார். 1963இல் மறைந்தார். வண்ணப்படம் காலத்தால் இயல்பாகவே வந்திருக்கும். சிதைந்த காப்பியமொன்றின் மலையுச்சிக்குப் பல்லாயிரவரை அழைத்துச் சென்றதோ, அவருடைய நிறுவனம் தானே தேர்ந்தெடுத்துச் செய்த பணி. தமிழ்க் கவிஞர்கள் அவருக்குக் கடன்பட்டிருப்பது அதற்காகவே.