நடையைக் கற்பித்த நாடக ஆசான் செயாமி

யப்பானியரின் 'நோ' நாடகத்தை முதன்முறை காண்போர் சிறிது ஏமாற்றமடைவதுண்டு. நடிகர் ஓடுவதில்லை, துள்ளுவதுமில்லை. வெண்ணிறக் காலுறை அணிந்த பாதங்களை நிலத்தைவிட்டு எடுக்காது, மெருகேற்றிய மரப்பலகைமீது வழுக்கியவாறு நகர்கிறார். முழங்கால்கள் சற்றே மடிந்திருக்கின்றன. உடலின் பாரம் இடுப்பிலே தங்கியிருக்கிறது. தலை மேலும் கீழும் ஆடுவதேயில்லை. 'சுரியாஷி' எனப்படும் இந்நடை இன்றைய இறுக்கமான வடிவத்தைப் பிற்காலத்திலேயே பெற்றது. எனினும் குறைவாக அசைந்து நிறைய உணர்த்தும் அதன் உயிர்நாடியை நூலாக எழுதிவைத்தவர் செயாமி மொத்தோக்கியோ என்னும் பேராசான்.

அவர் 1363ஆம் ஆண்டளவில் பிறந்தார். தந்தையார் கன்னாமி, நாரா நகரை அண்டிய யமாத்தோப் பகுதியில் கோவில் விழாக்களில் ஆடிவந்த கூத்துக் குழுவொன்றின் தலைவர். 1374 அல்லது 1375இல் கியோத்தோவின் இமகுமானோவில் தந்தையும் மகனும் ஆடியதை நாட்டின் படைத்தலைவரான ஷோகுன் யோஷிமித்சு கண்டார். ஆட்சியாளருக்கு வயது பதினேழு, சிறுவனுக்குப் பன்னிரண்டு. அன்று தொடங்கியது அரண்மனை ஆதரவு. 1378இல் கியோன் திருவிழாவைப் பார்க்க அச்சிறுவனை யோஷிமித்சு தம்முடன் இருத்தியபோது, பிச்சைக்காரர் தொழில் செய்யும் பிள்ளைக்கு இத்தகைய இடமா என்று பிரபு ஒருவர் தமது நாட்குறிப்பில் வெறுப்போடு எழுதிவைத்தார். கூத்தாடிகளுக்கு அந்நாளில் இருந்த மதிப்பு அவ்வளவே.

தந்தையார் 1384இல் காலமானார். மறைவுக்குச் சில நாள்களுக்கு முன்னர்கூட, ஐம்பத்திரண்டாம் வயதில், மிகச் சில அசைவுகளாலேயே அவையைக் கவர்ந்தார். அந்தக் காட்சி மகனின் மனத்தை விட்டு அகலவில்லை. 1400இல் செயாமி எழுதத் தொடங்கிய 'பூஷிக்காதென்' என்ற நூலில் அது இடம்பெற்றுள்ளது.

அந்நூலில் ஒரு நடிகனின் வாழ்வை வயது வயதாக அவர் வகுத்துக் காட்டுகிறார். பயிற்சி ஏழு வயதில் தொடங்கவேண்டும். ஆனால் அந்த வயதில் பிள்ளை தானாக எதைச் செய்கிறதோ அதன் போக்கிலே விடவேண்டும், இது சரி, இது பிழை என்று அடிக்கடி திருத்தினால் பிள்ளை மனம் சோர்ந்து, கலை அங்கேயே நின்றுவிடும் என்கிறார். ஊரிலே பிரம்போடு வகுப்பில் நின்ற காலத்தில் இதை நான் படித்திருக்கவில்லை. இங்கே வந்த பின்பும், விழா ஒத்திகையொன்றில் ஏழு வயதுச் சிறுமியை 'ழ'கரத்துக்காக ஆறு தடவை நிறுத்தினேன். ஏழாவது தடவை அவள் மேடையேற மறுத்துவிட்டாள்.

பன்னிரண்டு வயதின் அழகு வயதால் வருவது, அது நில்லாது. குரல் உடையும் பருவத்தில் பிறர் சிரித்தாலும் பயிற்சியைக் கைவிடலாகாது. முப்பத்தைந்துக்குள் பெயர் பெறவேண்டும். நாற்பத்தைந்தை அண்டியதும் வேகமான ஆட்டங்களை இளையோரிடம் விட்டுவிடவேண்டும். அதன் பின்னும் ஒருவரிடம் எஞ்சி நிற்பதையே அவர் உண்மையான 'மலர்' என்றார்.

உடலைப் பற்றிய அவரது போதனை 1424இல் முடித்த 'காக்கியோ' என்ற நூலில் மேலும் நுட்பமடைகிறது. உள்ளம் பத்துப் பங்கு அசையுமாயின் உடல் ஏழு பங்கு அசைந்தாற் போதும். உடலை வலிதாக அசைக்கும்போது பாதத்தை மெதுவாக வைக்கவேண்டும்; பாதத்தை ஓங்கி மிதிக்கும்போது உடலை அமைதியாக வைத்திருக்கவேண்டும். முன்னும் பக்கங்களும் மட்டும் தெரிந்தாற் போதாது. அவையோர் காணும் தன் முதுகையும் நடிகன் மனக்கண்ணாற் காணவேண்டும். அவர் எழுதிய 'இசுத்சு' நாடகத்தில், இறந்த கணவனின் ஆடையை அணிந்த பெண்ணொருத்தி கிணற்றினுள் எட்டிப் பார்க்கிறாள். நீரில் அவள் காண்பது அவன் முகம். மேடையில் இருப்பதோ ஒரு மரச்சட்டமும் சிறிது புல்லும் மட்டுமே.

இத்தகைய உடற்பயிற்சி அரங்கோடு நின்றுவிடவில்லை. எதோ காலத்துச் சாமுராய் வீரர்கள் நோ ஆட்டத்தையும் பாட்டையும் கற்றனர். தேநீர்ச் சடங்கிலும் பாய்மீது பாதத்தை வழுக்கியே நடக்கின்றனர். இடுப்பு மேலும் கீழும் ஏறி இறங்காதபடியால் கையிலுள்ள கிண்ணம் ஆடாது. நிறைகுடம் தளம்பாது என்று நாம் மனத்துக்குச் சொல்வதை அவர்கள் காலுக்குப் பழக்கினார்கள்.

யோஷிமித்சு 1408இல் இறந்தார். அடுத்தவர் வேறொரு கலைஞரை விரும்பினார். 1429இல் ஷோகுனான யோஷிநோரி, செயாமியின் தம்பி மகன் ஒன்னாமியை ஆதரித்து, செயாமியும் அவர் மூத்த மகன் மொத்தோமாசாவும் ஓய்வுபெற்ற பேரரசரின் மாளிகையில் ஆடுவதைத் தடுத்தார். இளைய மகன் தந்தையார் கூறியவற்றை 1430இல் நூலாகத் தொகுத்துக் கொடுத்துவிட்டுத் துறவியானார். கலையின் வாரிசாக நம்பியிருந்த மொத்தோமாசா 1432இல் மரணமடைந்தார். இரகசிய நூல்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ, அந்த மகனே இல்லாமற் போனார். 1434இல், எழுபதைக் கடந்த கிழவர் சாதோத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். காரணத்தைக் கூறும் ஆவணம் எதுவுமில்லை. அவரை அனுப்பிய யோஷிநோரி 1441இல் கூத்துப் பார்த்துக்கொண்டிருக்கையில் கொல்லப்பட்டார். செயாமி 1443இல் மறைந்தார் என்பது மரபு. அவருடைய நூல்களோ கலைக்குடும்பங்களுக்குள் மறைந்து கிடந்து, 1909இல் யோஷிதா தோகோ என்ற அறிஞரால் அச்சேறின.

சாதோவிலிருந்து மருமகன் சென்சிக்குவுக்கு அவர் எழுதிய கடிதமொன்று எஞ்சியுள்ளது. ஊரில் விட்டுவந்த மனைவியைப் பராமரிப்பதற்கும், தமக்குப் பணம் அனுப்பியதற்கும் அதில் நன்றி கூறுகிறார். பின்னர், அரக்கர் பாத்திரத்தை ஆடும் முறைபற்றி மருமகன் கேட்டிருந்த ஐயத்துக்கு விளக்கமளிக்கிறார்: உடல் வலிமையைக் காட்டி ஆடும் அரக்கர் ஆட்டம் தமது மரபுக்கு உரியதன்று, உருவம் அரக்கனாயினும் உள்ளம் மனிதனாக நிற்கும் ஆட்டமே உரியது.