உடம்பைச் செதுக்கிய சிற்பி யூஜின் சாண்டோ



ஞாயிற்றுக்கிழமை நம்ம விடுதி மொட்டை மாடிக் கொடியைப் பாருங்கள். காய்கிற துணியில் பாதிக்குப் பாதி கையில்லாத பனியன்தான். கடையில் அதை என்ன பேர் சொல்லிக் கேட்கிறோம்? சாண்டோ பனியன்! நம்ம தாத்தா காலத்தில் உடம்பை முறுக்கேற்றி வைத்திருந்தவர்களுக்கும் அதே பேர்தான் பட்டம். எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்த கோயம்புத்தூர்க்காரர் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் சாண்டோ என்று ஒரு சொல் வருமே, அதுவும் இதுதான்.

பட்டமாகவும் பனியனாகவும் ஆகிவிட்ட அந்த சாண்டோ, நம்மைப் போல ரத்தமும் சதையுமாக வாழ்ந்த ஒரு மனிதர். ஒரே மாசத்தில் புஜம் வீங்க வேண்டும், கல்லூரி நாளுக்குள் மார்பு விரிய வேண்டும் என்று அவசரப்படுகிற நமக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பிறப்பும் இளமையும்

1867ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் தேதி, பிரஷ்யா நாட்டுக் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. பெற்றோர் வைத்த பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். சாண்டோ என்பது பின்னால் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்.

சின்ன வயதில் தான் நோஞ்சானாக இருந்ததாகவும், பத்து வயதில் அப்பாவோடு இத்தாலிக்குப் போனபோது பழங்காலத்துக் கல் சிலைகளைப் பார்த்து, அந்த மாதிரி உடம்பு தனக்கும் வேண்டும் என்று ஏங்கியதாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இதில் பாதி விளம்பரத்துக்காகச் சொன்னது என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அது எப்படியோ போகட்டும். அந்தச் சிலைகளின் அளவுகளைப் பிற்காலத்தில் தன் உடம்புக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டார் என்பது மட்டும் நிஜம்.

கட்டாய ராணுவ சேவைக்குப் பயந்து பதினெட்டு வயது வாக்கில் நாட்டை விட்டுக் கிளம்பியவர் சர்க்கஸ்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். பேராசிரியர் அட்டிலா என்று பேர் போட்டுக்கொண்ட லுட்விக் டர்லாக்கர்தான் அவர். முறையாக எடை தூக்கும் வித்தையும், மேடையில் நிற்கும் வித்தையும் இவரிடம்தான் படித்தார்.

மேடை ஏறிய பலசாலி

1889இல் லண்டனில் சாம்சன் என்றொரு பலசாலி, என்னை ஜெயிக்கிறவனுக்கு 500 பவுண்டு என்று சவால் விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் சாண்டோ மேடை ஏறினார். கோட்டு சூட்டில் பார்த்தால் சாதாரண ஆள், உயரம் ஐந்தேமுக்கால் அடிகூட இல்லை. கூட்டம் சிரித்தது. கோட்டைக் கழற்றினார், சிரிப்பு நின்றது! சாம்சன் வளைத்த கம்பியை வளைத்தார், அறுத்த சங்கிலியை அறுத்தார். ஒரே ராத்திரியில் லண்டன் முழுக்க அவர் பேச்சுத்தான்.

1893இல் அமெரிக்காவில் சிகாகோ உலகக் கண்காட்சி நடந்தது. நிகழ்ச்சி அமைப்பாளர் புளோரென்ஸ் சீக்ஃபீல்ட் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாண்டோ எத்தனை பவுண்டு தூக்குகிறார் என்பதைவிட அவர் சதை எப்படி அசைகிறது என்று பார்க்கத்தான் ஜனங்கள் முண்டியடித்தார்கள். உடனே, சும்மா நின்று சதையைக் காட்டுவதையே தனி நிகழ்ச்சியாக ஆக்கிவிட்டார். இன்றைக்கு நாம் பார்க்கிற ஆணழகன் போட்டிக்கெல்லாம் மூலம் இதுதான். 1894இல் எடிசனின் ஸ்டுடியோவில் அவரைச் சினிமா பிடித்தார்கள். உலகத்தின் ஆரம்ப காலச் சினிமாக்களில் அதுவும் ஒன்று.

சறுக்கலும் உண்டு. அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் சிங்கத்தோடு மல்யுத்தம் என்று டிக்கெட் விற்றார்கள். சிங்கத்தின் வாய்க்குக் கூடு, பாதத்துக்கு உறை! பாவம், அந்தச் சிங்கத்துக்குச் சண்டை போடும் ஆசையே இல்லை. பார்க்க வந்தவர்கள் கேலி செய்துவிட்டுப் போனார்கள். மேடை என்றால் இதெல்லாம் இருக்கும்தான். ஆனால் சாண்டோவின் உண்மையான பெருமை மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

ஐந்து பவுண்டு ரகசியம்

1897இல் லண்டனில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றைத் திறந்தார். பலத்தைப் பெறுவது எப்படி என்று சொல்லும் புத்தகமும் அந்த வருஷமே வந்தது. அடுத்த வருஷம் ஒரு மாதப் பத்திரிகை. ஒரே கையால் சுமார் 120 கிலோ தூக்கிய மனுஷன், படிக்க வந்தவர்கள் கையில் என்ன கொடுத்தார் தெரியுமா? ஐந்து பவுண்டு டம்பெல் ஒரு ஜோடி! நம்ம கணக்கில் ஒவ்வொன்றும் இரண்டேகால் கிலோதான்.

அவருடைய முறை ரொம்ப எளிது. வயசுக்கும் தேகத்துக்கும் தக்கபடி ஒரு அட்டவணை. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி, சிறுவருக்குத் தனி. ஒவ்வொரு பயிற்சியும் இத்தனை தடவை என்று கணக்கு. நாள் போகப் போக எண்ணிக்கையைக் கூட்டணும். அது சுலபமாகிவிட்டால் எடையைக் கூட்டணும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று, எந்தச் சதை வேலை செய்கிறதோ அதிலேயே மனசை வைக்கணும். முடிந்ததும் பச்சைத் தண்ணீர்க் குளியல்.

இன்னொன்று, அளவு நாடா. கழுத்து, மார்பு, புஜம், தொடை எல்லாவற்றையும் அளந்து எழுதி வைக்கச் சொன்னார். கூடத்துக்கு வர முடியாதவர்கள் அளவுகளைத் தபாலில் அனுப்பினால் அவர்களுக்கென்று தனி அட்டவணை தபாலிலேயே போகும். அந்தக் காலத்து அஞ்சல் வழிக் கல்வி! குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், பட்டறைத் தொழிலாளிகள் என்று பலரும் ராத்திரி வீட்டுக்கு வந்து டம்பெல்லைக் கையில் எடுத்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்திலும் அவர் பெரிய பத்தியம் எதுவும் வைக்கவில்லை. வழக்கமான சாப்பாட்டையே அளவாக, நேரத்துக்கு, நன்றாக மென்று சாப்பிடணும், போதுமான தூக்கம் வேணும். அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்கிறது? ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபை நினைத்துப் பாருங்கள். மைல்டு ஸ்டீல் கம்பியை யு.டி.எம். மெஷினில் மாட்டி லோடு ஏற்றினால் ஒரு கட்டத்தில் ஈல்டு ஆகி, இழுபட்டு, உடையும். சின்ன லோடையே லட்சம் தடவை திரும்பத் திரும்பக் கொடுத்தாலும் ஃபெட்டீக் ஆகி விரிசல் விடும். இரும்புக்குத் தன்னைத் தானே பழுது பார்க்கத் தெரியாது. தசைக்குத் தெரியும்! அளவான பளு கொடுத்து, பிறகு சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால், தசை நார் முன்னைவிடக் கொஞ்சம் தடித்து வளரும். அடுத்த தடவை அதே பளு அதற்குப் போதாது, கொஞ்சம் கூட்டணும். ஒரேயடியாகக் கூட்டினால் மூட்டும் தசைநாணும் தாங்காது, ஏனென்றால் அவை தசையைவிட மெதுவாகத்தான் பலப்படும். முதல் சில வாரம் எடை லேசாகத் தெரியுமே தவிர புஜம் பெருக்காது. அப்போது பழகுவது நரம்புகள்தான். நம்ம பசங்களில் பலர் சரியாக இந்தக் கட்டத்தில்தான் ஜிம்மை விட்டு நின்றுவிடுகிறார்கள்.

சாண்டோ அனுபவத்தில் கண்டதைப் பிற்காலத்து வைத்தியர்களும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குச் சிகாகோவில் சிகிச்சை செய்த டாக்டர் தாமஸ் டிலோர்ம், படிப்படியாக எடையைக் கூட்டும் முறையால் சூம்பிய கால்களைத் தேற்றி, 1945இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். எடையின் அளவில் இருவருக்கும் வித்தியாசம் உண்டு. டிலோர்ம் கொடுத்தது கனமான எடை. ஆனால் படிப்படி என்ற தத்துவம் ஒன்றேதான்.

ஆல்பர்ட் ஹால் போட்டி

1901 செப்டம்பர் 14ஆம் தேதி, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சாண்டோ ஒரு பெரிய போட்டி நடத்தினார். அவர் முறையில் பயிற்சி செய்தவர்கள் மாவட்டம் மாவட்டமாகத் தேர்வாகி வந்திருந்தார்கள். கூட நடுவராக உட்கார்ந்தவர் யார் தெரியுமா? ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில்! அவரும் சாண்டோவிடம் பயிற்சி பெற்றவர்தான். இன்னொரு நடுவர் சிற்பி சர் சார்லஸ் லாஸ்.

யார் புஜம் பெரிசு என்று மட்டும் பார்த்து மார்க் போடவில்லை. உடம்பு முழுக்க ஒரே சீராக வளர்ந்திருக்கிறதா, தோல் ஆரோக்கியமாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த வில்லியம் முர்ரே முதல் பரிசு வாங்கினார். பரிசு, சாண்டோவின் உருவம் கொண்ட தங்கச் சிலை. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா பட்டம் வென்றவர்களுக்குக் கொடுக்கப்படுவதும் அவர் உருவச் சிலைதான்.

இந்தியாவில் சாண்டோ

1904-05இல் சாண்டோ இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். கல்கத்தா, பம்பாய் நகரங்களில் கூட்டம் அலைமோதியது. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. இந்தியர்கள் உடம்பிலேயே பலம் இல்லாதவர்கள் என்று ஆள்கிறவர்கள் ஏளனம் பேசிய காலம். உடம்பு பிறவியால் வருவதில்லை, பயிற்சியால் வருவது என்று ஒருவர் மேடையில் நின்று காட்டியபோது நம்ம ஆட்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். நம்மிடம் ஏற்கெனவே தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் இருந்தன. அதோடு டம்பெல்லும் சேர்ந்துகொண்டது. ஊருக்கு ஊர் தேகப்பயிற்சி சாலைகள் வந்தன. சாண்டோ என்ற பேர் நம்ம ஊர் பயில்வான்களின் பட்டமானது இப்படித்தான்.

வியாபாரமும் முடிவும்

1909இல் இங்கிலாந்தில் துணை ராணுவத்தில் சேர ஆசைப்பட்டு உடல்தகுதி போதாமல் நின்ற இளைஞர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்துத் தேற்றினார். போலீஸ், ராணுவத் தேர்வில் மார்பளவிலும் ஓட்டத்திலும் வாய்ப்பை விட்டவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்களே, அவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1911இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தன் உடற்பயிற்சிப் பேராசிரியராக நியமித்தார்.

கூடவே வியாபாரமும் வளர்ந்தது. ஸ்பிரிங் வைத்த டம்பெல், பெண்களுக்கு இடுப்புக் கச்சை, சாண்டோ கோகோ! பிளாஸ்மோன் என்ற பால் சத்துப் பவுடருக்கும் அவர் விளம்பரம் கொடுத்தார். இன்றைக்கு டப்பா டப்பாவாக விற்கிற புரோட்டீன் பவுடருக்கு அது பாட்டன் மாதிரி. முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மன்காரர் என்ற வெறுப்பும் சேர்ந்துகொள்ள, கோகோ கம்பெனி மூழ்கியது.

1925 அக்டோபர் 14ஆம் தேதி சாண்டோ காலமானார். வயது 58தான். பள்ளத்தில் விழுந்த காரை ஒற்றைக் கையால் தூக்கியதால்தான் செத்தார் என்று ஒரு கதை உண்டு, நிரூபணம் இல்லை. பட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில், மனைவியின் விருப்பப்படி, பேர் எழுதிய கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். ஒரு ரசிகர் அங்கே கல் வைத்தது 2002இல்தான்.

நமக்கு என்ன பாடம்?

காசுக்கு விற்ற கோகோவும் கச்சையும் போய்விட்டன. ஐந்து பவுண்டு டம்பெல்லும் அட்டவணையும் அளவு நாடாவும் சொன்ன பாடம் நிலைத்துவிட்டது. அதற்குச் செலவும் கிடையாது. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ரெண்டை நிரப்பினால் கிட்டத்தட்ட சாண்டோ டம்பெல்தான்! முதல் வாரம் பத்துப் பத்துத் தடவை, அடுத்த வாரம் பன்னிரண்டு... கூடவே தண்டாலும் பஸ்கியும்.

சாண்டோ முறை பெரும்பாலும் அறைக்குள் செய்வது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நாம் மெதுவோட்டத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மேன் 1962இல் நியூசிலாந்து போய் இதைப் பார்த்துவிட்டு வந்து 1967இல் புத்தகம் போட்டார். அவரும் படிப்படிதான். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. பக்கத்தில் வருகிறவனோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சிரைத்துப் பேச்சு நின்றால் வேகத்தைக் குறைக்கணும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டுக்கும் டப்பா பவுடர் தேடி அலைய வேண்டாம். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஊறவைத்த கொண்டைக்கடலை, முளைகட்டிய பயறு, கேழ்வரகுக் கூழ் எல்லாம் நம்ம பையில் இருக்கிற காசுக்குக் கிடைப்பவை. ராத்திரி பரோட்டாவைக் குறைத்து, காலை டிபனைத் தவிர்க்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். லேப் அப்சர்வேஷன் நோட்டில் ரீடிங் எழுதுகிறோமே, அந்த மாதிரி உடம்புக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மார்பளவு, எத்தனை தண்டால், எத்தனை நிமிஷ ஓட்டம். ஃபைனல் இயர் முடிந்து டிப்ளமோவோடு வெளியே போகும்போது அந்த நோட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். முதல் ரீடிங்கை இன்றைக்கே எடுத்துவிடுவோமே!

- மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு