காலணி தைத்த நகரத் தந்தை

பாட்டா என்னும் பெயரை அறியாத ஊர் நம் நாட்டில் அரிது. பள்ளி திறக்கும் ஜூன் திங்களில் வெள்ளைக் கேன்வாஸ் காலணிக்கும் கறுப்புத் தோல் காலணிக்கும் அக்கடையின் படி ஏறியோர் நம்மில் பலர். அதனாலேயே அது இந்தியப் பெயர் என்று எண்ணியிருப்போரும் உண்டு. உண்மையில் அது செக் நாட்டுக் குடும்பம் ஒன்றின் பெயர். அக்குடும்பத்தில் பிறந்து, ஊசியும் நூலும் கொண்டு செய்த தொழிலை உலகத் தொழிலாக்கியவர் தோமாஸ் பாட்டா. அவர் வாழ்வைப் படிக்கையில் என் உள்ளத்தில் எழுந்த எண்ணங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம்

தோமாஸ் பாட்டா 1876 ஏப்ரல் 3 ஆம் நாள் மொராவியாவில் உள்ள ஸ்லீன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அவருடைய முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காலணி தைத்தவர்கள். சிறுவனாக இருந்தபோதே தந்தையின் பட்டறையில் தோலும் கத்தியும் அவருக்கு விளையாட்டுப் பொருள்களாயின.

1894 இல் அண்ணன் அந்தோனின், தமக்கை அன்னா ஆகியோருடன் சேர்ந்து சொந்தத் தொழில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. தாய் விட்டுச் சென்ற 800 குல்டன் பணமே முதல். ஓராண்டு கழிவதற்குள் கடன் கழுத்தை நெரித்தது. அந்நேரத்தில் அண்ணனும் படைப்பணிக்கு அழைக்கப்பட்டார். சுமை முழுவதும் இளையவர் தோளில் விழுந்தது.

தோல் வாங்கக் கையில் பணமில்லை. இருப்பதோ துணி. தோலுக்குப் பதில் மேற்பகுதியைத் துணியால் தைத்து, அடிப்பகுதிக்கு மட்டும் தோல் வைத்தால் என்ன என்று எண்ணினார். அவ்வாறு பிறந்த எளிய காலணி, விலை மலிவாகவும் காலுக்கு இலேசாகவும் இருந்தது. ஏழை எளியோர் விரும்பி வாங்கினர். பாட்டோவ்கா என்று அவர் பெயராலேயே அது அழைக்கப்பட்டது. தோலும் துணியும் கைகோத்த அந்தக் காலணிதான் நொடித்த தொழிலை நிமிர்த்தியது. வறுமை சிலரை முடக்குகிறது; அவரையோ சிந்திக்க வைத்தது.

முதலாளி தொழிலாளியானார்

தொழில் ஓரளவு வளர்ந்தபின் அவர் செய்தது வியப்பான செயல். 1904 இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லின் என்னும் நகரம் அன்று காலணித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கே ஓர் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து சில திங்கள் வேலை செய்தார். சொந்த ஊரில் முதலாளியாக இருந்தவர், அயல்நாட்டில் பிறர் ஏவிய வேலையைச் செய்தார். ஒரு காலணி எத்தனை கைகள் மாறுகிறது, எந்த வேலையை எந்த இயந்திரம் செய்கிறது என்பவற்றையெல்லாம் அருகிருந்து கற்றார். ஊர் திரும்பி, கற்றதைத் தம் ஆலையில் நடைமுறைப்படுத்தினார்.

1908 இல் அண்ணன் மறைந்தார். 1914 இல் முதல் உலகப் போர் மூண்டதும் தோமாஸ் வியன்னாவுக்கு விரைந்து, படைவீரர்க்கு 50,000 இணை காலணிகள் தைத்துத் தரும் ஆணையைப் பெற்று வந்தார். போர்முனைக்குச் செல்ல வேண்டியிருந்த தம் தொழிலாளர் பலரை அந்த ஆணையைக் காட்டியே ஆலையில் நிறுத்திக்கொண்டார்.

பாதி விலை

போர் முடிந்து 1918 இல் செக்கோஸ்லோவாகியா தனி நாடாயிற்று. சில ஆண்டுகளில் அந்நாட்டு நாணயத்தின் மதிப்பு திடீரென உயர்ந்தது. ஏற்றுமதி படுத்தது. உள்நாட்டிலோ வாங்குவாரின்றிச் சரக்கு கிடங்குகளில் தேங்கியது. பிற முதலாளிகள் ஆலைகளை மூடினர், ஆட்களைக் குறைத்தனர்.

1922 செப்டம்பரில் பாட்டா தம் காலணிகளின் விலையைப் பாதியாகக் குறைத்தார். விலைவாசி என்னும் சொல்லை ஓங்கிய முட்டி நசுக்குவதுபோன்ற சுவரொட்டிகள் எங்கும் ஒட்டப்பட்டன. தொழிலாளர் கூலியையும் நூற்றுக்கு 40 விழுக்காடு குறைத்தார். அதற்கு ஈடாக உணவையும் பிற தேவைகளையும் அவர்களுக்குப் பாதி விலையில் தந்தார். போட்டியாளர் நகைத்தனர். மக்களோ கடைகள் முன் திரண்டனர். கிடங்குகள் காலியாயின; ஆலை மீண்டும் முழு வேகத்தில் இயங்கியது.

ஒன்பதில் முடியும் விலைகளை அவர் கடைகளில் வைத்த வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பாட்டா விலை என்று நம்மூரில் நாம் வேடிக்கையாகப் பேசுவதன் வேர் அங்கே உள்ளது.

1924 முதல் ஒவ்வொரு பிரிவையும் தனிக் கடைபோல நடத்தினார். ஒரு பிரிவு முந்தைய பிரிவிடமிருந்து சரக்கை விலைக்கு வாங்கி, வேலை முடித்து, அடுத்த பிரிவுக்கு விற்கும். வாரந்தோறும் கணக்குப் பார்ப்பர். இலாபத்தில் தொழிலாளர்க்கும் பங்கு உண்டு.

நகரத் தந்தை

1923 இல் ஸ்லீன் மக்கள் அவரை நகரத் தந்தையாகத் தேர்ந்தெடுத்தனர். இறுதி வரை அப்பொறுப்பில் இருந்தார். செங்கல் வீடுகள், வீட்டைச் சுற்றித் தோட்டம், மருத்துவமனை, திரையரங்கு, பள்ளிகள் எனச் சிற்றூர் நகரமாக மலர்ந்தது. 1925 இல் தொழிற்பள்ளி ஒன்றையும் நிறுவினார். 14 வயதிலேயே சேர்ந்த சிறுவர்கள் பகலில் ஆலையில் வேலை செய்தனர். மாலையில் பாடம் படித்தனர். தம் கூலியிலேயே தம் செலவை நடத்தினர்.

இங்கே என்னைப் பற்றிச் சிறிது சொல்ல அனுமதி வேண்டுகிறேன். என் தந்தை பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். படிவங்களில் தந்தையின் தொழிலை உள்ளபடியே எழுதுகிறேன். அதைப் படித்துப் புருவம் உயர்த்துவோரும் உண்டு. தோல் நாற்றம் தம்மோடு ஒழிய வேண்டும் என்பதற்காகவே அப்பா என்னைப் படிக்க வைக்கிறார். அவர் ஆசையை நான் குறை கூறேன். வெயிலிலும் சுண்ணாம்புத் தொட்டியிலும் நின்று தேய்ந்த கால்கள் அவருடையவை. ஆனால் வேதியியல் வகுப்பில் குரோமிய உப்புகளைப் பற்றிப் பேராசிரியர் நடத்தும்போது, அப்பாவின் கைகளே என் கண்முன் நிற்கின்றன. தோலைத் தொடுபவன் தாழ்ந்தவன் என்று நம் சமுதாயம் நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. தோல் தைத்த குடும்பத்தின் பிள்ளையை ஸ்லீன் தன் தந்தை என்று ஏற்றது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

நிழலும் உண்டு

பாராட்டு மட்டுமே எழுதினால் வரலாறு ஆகாது. ஆலைக் காலணி மலிந்ததால் கையால் தைத்துப் பிழைத்த சிறு தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அவர்களுடைய எதிர்ப்பு வலுவாக எழுந்தது. தொழிற்சங்கங்கள் ஆலைக்குள் வேரூன்ற அவர் இடம் கொடுக்கவில்லை. வீடும் கடையும் மருத்துவமனையும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால், வேலையை இழப்பவன் கூரையையும் இழக்க நேரும் அன்றோ! நல்ல வீடு கொடுத்தவரிடமே எதிர்த்துப் பேசும் உரிமையையும் தொழிலாளி பெற வேண்டும் என்பது என் எண்ணம். என் தந்தைக்கு நான் விரும்புவதும் அவ்விரண்டும்தான்.

முடிவும் தொடர்ச்சியும்

1931 ஆம் ஆண்டின் இறுதியில் பாட்டா விமானம் ஏறிக் கிழக்கு நாடுகளுக்குப் புறப்பட்டார், இந்தியாவுக்கும் வந்தார். 1932 இல் கல்கத்தாவுக்கு அருகே கொன்னகரில் காலணித் தொழில் தொடங்கியது. பின்னர் ஹூக்ளி ஆற்றங்கரையில் பாட்டாநகர் எழுந்தது. அதைக் காண அவர் இல்லை. 1932 ஜூலை 12 ஆம் நாள் விடியற்காலையில், மூடுபனியையும் பொருட்படுத்தாமல் சுவிட்சர்லாந்தில் உள்ள தம் புதிய ஆலைக்குப் புறப்பட்டார். ஒட்ரோகோவிட்சே விமான நிலையத்திலிருந்து கிளம்பிய சிறிது நேரத்திலேயே விமானம் வீழ்ந்தது. அவரும் விமானியும் மாண்டனர். அவருக்கு வயது 56.

அவருக்குப்பின் மாற்றாந்தாய் மகனான தம்பி யான் அந்தோனின் பாட்டா தொழிலை மேலும் விரித்தார். 1945 இல் செக்கோஸ்லோவாகியாவில் இருந்த ஆலைகள் அரசுடைமையாயின. 1949 இல் ஸ்லீன் நகரின் பெயர்கூடக் காட்வால்டோவ் என மாற்றப்பட்டது. 1990 இல் பழைய பெயர் மீண்டது. மகன் தோமாஸ் போருக்கு முன்பே கனடா சென்று, அங்கிருந்து குடும்பத் தொழிலைக் காத்தார். 2001 இல் ஸ்லீன் நகரில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் பெயர் தோமாஸ் பாட்டா பல்கலைக்கழகம்.

நண்பர்களே, நம்மில் பலர் ஏதோ ஒரு கைத்தொழிலின் பிள்ளைகள். தறி, உளி, ஏர், மண்பானை, தோல் என நம் வீடுகளில் கிடப்பவை பல. பட்டம் பெற்றதும் அவற்றை மறைத்து வைப்பதே உயர்வு என்று நமக்குச் சொல்லித்தரப்படுகிறது. பாட்டா தம் வீட்டுத் தொழிலை மறைக்கவில்லை. அதற்குள் இயந்திரத்தையும் கணக்கையும் கல்வியையும் கொண்டுவந்தார். நாம் அதே தொழிலைச் செய்ய வேண்டும் என்பதில்லை. நாம் கற்கும் அறிவியல் அத்தொழிலில் நிற்போரின் கால்களுக்குச் சிறிதளவேனும் நிழல் தருமானால், அதுவே நம் பட்டத்தின் பயன். பாலாற்று நீரைக் கெடுக்காத பதனிடும் முறை ஒன்றைக் கற்கவேண்டும் என்பதே வேதியியல் மாணவனாகிய என் ஆசை.