படம் வரைந்ததற்கு 6 மாதம் ஜெயில்!

அந்தப் படத்தில் ஒரு பெரிய பூதம் உட்கார்ந்திருந்தது. அதன் வாயிலிருந்து தரை வரை ஒரு நீண்ட பலகை. கீழே ஏழை எளியவர்கள் நின்றார்கள். தங்களிடம் இருந்த காசைக் கூடையில் போட்டார்கள். ஆட்கள் அந்தக் கூடைகளைச் சுமந்துகொண்டு பலகை மேல் ஏறி, பூதத்தின் வாயில் கொட்டினார்கள். பூதம் விழுங்கியது. அது உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் பட்டமும் பதவியுமாக வந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்க ஒரு கூட்டம் காத்து நின்றது.

பூதத்தின் முகம் யாருடைய முகம் என்பது பாரிஸ் நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அது பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் முகம்!

1831-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்தப் படம் வெளிவந்தது. வரைந்தவர் ஓனோரே தோமியே. அப்போது அவருக்கு வயது 23.

அமீனாவின் எடுபிடி

தோமியே 1808 பிப்ரவரி 26-ல், மார்செய் என்ற துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடும் தொழிலாளி. அவருக்குக் கவிதையில் மோகம் அதிகம். கவிஞர் என்று பெயர் எடுக்கும் ஆசையில் பாரிசுக்குப் போனார். குடும்பமும் பின்னால் போனது. கவிதையால் அடுப்பு எரியவில்லை.

ஆகவே பையன் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. முதலில் கோர்ட்டு அமீனா ஒருவரிடம் எடுபிடி வேலை. பிறகு ஒரு புத்தகக் கடையில் வேலை. கோர்ட்டு வாசலில் கறுப்பு அங்கியோடு அலைந்த வக்கீல்களையும், கண் கலங்கி நின்ற கட்சிக்காரர்களையும் அந்த வயதிலேயே அவர் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் கல்லச்சுத் தொழிலைக் கற்றார். "லித்தோ" என்கிறோமே, அதுதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் படம் வரைவார்கள். கல்லை நீரால் நனைப்பார்கள். பிறகு மை தடவினால், பசை உள்ள கோட்டில் மட்டும் மை ஒட்டும். நனைந்த இடத்தில் ஒட்டாது. காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். ஒரே கல்லில் இப்படி ஏராளமான பிரதிகள் எடுக்கலாம்.

சுவரெல்லாம் பேரிக்காய்

லூயி பிலிப் 1830-ல் மக்கள் புரட்சியால் அரியணை ஏறியவர். பத்திரிகைகளுக்குச் சுதந்திரம் உண்டு என்று சட்டம் சொன்னது. ஆனால் கொஞ்ச நாளிலேயே வழக்குகள் ஆரம்பமாகிவிட்டன.

பிலிப்போன் என்பவர் ஒரு கேலிச் சித்திரப் பத்திரிகையை நடத்தினார். மன்னரைக் கேலி செய்ததாக 1831 நவம்பரில் அவர் மேல் வழக்கு. அவர் கோர்ட்டிலேயே 4 படங்கள் வரைந்து காட்டினார். முதல் படம் மன்னரின் முகம். அடுத்தது கொஞ்சம் மாறியது. அதற்கடுத்தது இன்னும் மாறியது. நாலாவது ஒரு வெறும் பேரிக்காய்! முதல் படம் குற்றம் என்றால், அதைப்போல் இருக்கும் பேரிக்காயும் குற்றம்தானே என்பது அவர் வாதம். நீதிபதிகள் அசையவில்லை. அவருக்கு 6 மாதம் ஜெயிலும் 2,000 பிராங்க் அபராதமும் கிடைத்தன.

பிரெஞ்சு மொழியில் பேரிக்காய் என்றால் மண்டு என்றும் பொருள் உண்டு. பிறகு கேட்பானேன்! பாரிஸ் நகரத்துச் சுவர்களில் எல்லாம் பேரிக்காய் முளைத்தது. இன்று வெளிநாட்டு நகரங்களில் சிலர் அட்டையில் உருவத்தை வெட்டி, அதைச் சுவரில் வைத்து, டப்பாவிலிருந்து வர்ணம் பீச்சிவிட்டு ஓடிவிடுகிறார்கள். அன்று அந்த வேலையைக் கரித்துண்டு செய்தது.

இந்தப் பிலிப்போனிடம்தான் தோமியே வேலை செய்தார். பத்திரிகை வாங்கப் பணம் இல்லாதவர்கள், படங்கள் விற்ற கடையின் கண்ணாடி ஜன்னல் முன்னால் கூட்டமாக நின்று பார்த்தார்கள். எழுத்துத் தெரியாதவனுக்கும் படம் புரிந்தது. அரசாங்கத்துக்கு அதுதான் பயம்.

பூதம் படத்துக்காக 1832 பிப்ரவரியில் தோமியேக்கு 6 மாதம் ஜெயில், 500 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் உடனே அவரை ஜெயிலில் அடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தப்பியிருக்கலாம். வயதான பெற்றோருக்கு அவர் சம்பாத்தியமே ஆதாரம். இருந்தும் அவர் மறுபடி மன்னர் ஆட்சியைக் கேலி செய்து படம் போட்டார். ஆகஸ்டு மாதம் போலீசார் வீட்டுக்கே வந்து, பெற்றோரின் கண் முன்னால் அவரைக் கைது செய்தார்கள். ஜெயிலிலும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. 1833 பிப்ரவரியில் விடுதலையானார்.

சிரிப்பே இல்லாத படம்

1834 ஏப்ரலில் பாரிசில் கலகம் மூண்டது. டிரான்ஸ்னொனென் என்ற தெருவில், ஒரு வீட்டிலிருந்து யாரோ சுட்டதாகக் கூறி, பட்டாளத்தார் உள்ளே புகுந்தார்கள். அகப்பட்டவர்களை எல்லாம் கொன்றார்கள்.

தோமியே அதை வரைந்தார். ஒரு படுக்கை அறை. இரவு உடையோடு ஒரு மனிதன் செத்துக் கிடக்கிறான். அவன் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. ஓரத்தில் ஒரு கிழவர். இருட்டில் ஒரு பெண். படத்தில் பட்டாளத்தான் ஒருவன்கூட இல்லை. கேலியும் இல்லை. அவருடைய படங்களிலேயே சிறந்தது இதுதான் என்று துணிந்து சொல்லலாம். போலீசார் கல்லையும், அகப்பட்ட பிரதிகளையும் பறிமுதல் செய்தார்கள். தப்பிய பிரதிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

மறு வருடம் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதைக் காரணம் காட்டி, 1835 செப்டம்பரில் புதுச் சட்டம் வந்தது. இனிப் படம் வெளியிட முன் அனுமதி வேண்டும். எழுத்துக்கு அது வேண்டியதில்லை, படத்துக்கு மட்டும்!

தோமியே வேறு பக்கம் திரும்பினார். மோசடி வியாபாரிகளை வரைந்தார். வக்கீல்களையும் நீதிபதிகளையும் வரைந்தார். அமீனாவிடம் எடுபிடியாக இருந்தபோது பார்த்த முகங்கள் இப்போது கை கொடுத்தன.

1848-ல் மீண்டும் புரட்சி. லூயி பிலிப் நாட்டை விட்டு ஓடினார். குடியரசு வந்தது. ஆனால் 1851-ல் லூயி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு பேரரசரானார். அவருக்காக ஊர் ஊராக ஆள் சேர்க்கும் ரௌடி ஒருவனைத் தோமியே முன்பே பொம்மையாகச் செய்திருந்தார். ஒடிசலான உடம்பு, முறுக்கு மீசை, கையில் தடி. பேரரசரின் போலீசார் கண்ணில் படாதபடி அவர் மனைவி அதை ஒளித்து வைத்துக் காப்பாற்றினாராம்.

வேண்டாத பட்டம்

1860-ல் பத்திரிகை அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. 3 ஆண்டு கழித்துத்தான் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்தக் காலத்தில் வர்ண ஓவியங்களில் முழுக் கவனம் செலுத்தினார். ரெயிலில் மூன்றாம் வகுப்பில் போகும் ஏழைக் குடும்பத்தை அவர் வரைந்த படம் உலகப் புகழ் பெற்றது. அவர் காலத்தில் அவற்றை வாங்க ஆள் இல்லை.

1870-ல் பேரரசரின் அரசாங்கம் அவருக்கு உயர்ந்த பட்டம் ஒன்று கொடுக்க முன்வந்தது. பூதத்தின் நாற்காலிக்கு அடியில் விழுந்த பட்டங்களை வரைந்தவர் அவர். ஆர்ப்பாட்டம் இல்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுமார் 4,000 கல்லச்சுப் படங்கள் வரைந்த அவரது கண்கள் முதுமையில் மங்கின. வால்மோந்துவா என்ற கிராமத்தில் வாடகை கொடுக்கவும் வழியில்லாமல் இருந்தார். கோரோ என்ற ஓவியர் அந்த வீட்டையே வாங்கிக் கொடுத்தார் என்பார்கள். 1878-ல் நண்பர்கள் பாரிசில் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். செலவழித்த பணம்கூடத் திரும்பவில்லை.

1879 பிப்ரவரி 10-ல் தோமியே காலமானார். அந்தக் கிராமத்திலேயே அடக்கம் செய்தார்கள். மறு ஆண்டு அவர் உடலைப் பாரிசுக்குக் கொண்டுபோய், கோரோவின் சமாதிக்கு அருகில் புதைத்தார்கள்.